முந்திரி மரத்தடியில் ஒரு ‘வாங்க’

போன வாரம் நெய்வேலிக்குப் போனபோது, நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினேன். திறந்த வடக்கத்திப் பெண்மணி, நான் யாரென்று தெரிந்ததும் "ஆயியே" என்றார், நம்ம ‘வாங்க’தான். என் ஓட்டை ஹிந்திக்கு எட்டிய நாலைந்து சொற்களில் அதுவும் ஒன்று.

அந்த நாளில் எங்கள் பிளாக்கில், விளையாடக் கூப்பிடும் மாடிவீட்டுத் தெலுங்குப் பையன் 'ரா' என்பான். மைசூர்க்காரர் மகள் கன்னடத்தில் 'பா' என்பாள். மலையாள வீட்டில் நம்மைப் போலவே 'வா'. எல்லாம் ஒரே வேர் என்றும், ஹிந்தியின் 'ஆ' மட்டும் வேறு குடும்பம் என்றும் பின்னால் படித்தேன். தமிழ் 'வா' சும்மா இருக்காது. 'வருகிறான்' என்றால் குறுகும், 'வந்தான்' என்றால் வேறு வேஷம். ஆனால் ஒரு 'ங்க' சேர்த்து வாசலில் சொல்லிவிட்டால், சொன்னவர்தான் வீட்டுக்காரர். மைன்ஸ் ஷிப்ட் முடிந்து எவ்வளவு அலுப்பாக வந்தாலும் அப்பா அதில் குறை வைக்கமாட்டார்.

எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு முந்திரி மரம். பழம் பழுத்து வாசனை வீடெல்லாம் ஏறும்போது கலியபெருமாள் என்பவர் சைக்கிளில் வந்தார். சுரங்கத்துக்காக நிலத்தை எடுத்து டவுன்ஷிப் கட்டுமுன் அந்த இடம் அவருடையது. அது தெரியாமல் அப்பா, "வாங்க, வாங்க" என்றார்.

"எங்க கொல்லைக்கே என்னை ‘வாங்க’ன்றீங்களே சார்! இது எங்கப்பா வச்ச மரங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அப்பாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. "நாமளா எடுத்தோம்?" என்றாள் அம்மா.

"எடுத்த எடத்துலதானே படுத்துருக்கோம்."

அடுத்த வருஷம் அவர் வந்தபோது அப்பா ‘வாங்க’ சொல்லவில்லை. எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்துவிட்டுப் படியிலேயே நின்றார். மரத்தைத் தடவிக்கொண்டிருந்த கலியபெருமாள் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் சார் அங்கியே நின்னுகினு இருக்கீங்க? வாங்க."

அதற்குப் பிறகுதான் அப்பா இறங்கினார். பிறகு வருஷா வருஷம் அப்படித்தான். எப்போது கூப்பிடுவார், எப்போது பழம் தின்னலாம் என்று அப்பா முதுகுக்குப் பின்னால் நான் துடித்துக்கொண்டிருப்பேன். அந்த இனிப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது.

டீ குடித்துவிட்டுப் பின்கதவுவரை போனேன். மரம் இல்லை. சிமெண்ட் தரை, தகரக் கூரை, ஒரு ஸ்கூட்டர். அப்பாவும் இல்லை, கலியபெருமாளும் போய்ச் சேர்ந்துவிட்டார். "ஆயியே" என்று அந்த அம்மாள் முன்னால் இறங்கி மறுபடியும் அன்பாகக் கை காட்டினார். நான் படியிலேயே நின்றேன். சொல்ல வேண்டியவர் அவரில்லை.