மூன்று சவரிராயன்கள்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், வேப்பிலை அடிக்கிற இடத்தில் நின்று சிரித்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள். நீங்களும் நம்பப்போவதில்லை, உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நம்பினால் நம்புங்கள், செத்தது என் பிள்ளை.

அறுபதுகளில், அரிசிக்குக் கியூவில் நின்ற வருஷம். செஞ்சியில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் சவரிராயன் என்ற பெயருக்குத் தனி மவுசு. நவாபு காலத்தில் கோட்டை முற்றுகையின்போது, தவித்துக் கிடந்தவர்களுக்குச் சுனைத் தண்ணீர் சுமந்து ஊற்றியவர் ஒரு சவரிராயன். காலராவில் விழுந்த பிணங்களைத் தொட ஆளில்லாமல் போனபோது, ஒற்றை ஆளாகக் குளிப்பாட்டி அடக்கம் பண்ணி, அதே காலராவில் போய்ச் சேர்ந்தவர் இன்னொரு சவரிராயன். அவர் என் மாமனார், நான் பார்த்ததில்லை. அந்தப் பெயரைத்தான் என் மகனுக்கு வைத்தார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? ஆறு வருஷம் வளர்த்தும் ஒருநாள்கூட அவனைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை, எப்போதும் தம்பிதான். இப்போது சொல்கிறேன், இனிமேல் எனக்கென்ன.

அன்றைக்கு என் ஓரகத்தி ஞானம்மா அக்காவோடு கோட்டை இருக்கிற ராஜகிரி மலைக்குச் சீத்தாப்பழம் பறிக்கப் போனேன், அவனும் கூட வந்தான். கூடை நிறைந்து திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். நல்ல உச்சிவெயில். "தம்பீ, தம்பீ" என்று நாங்கள் இரண்டு பேரும் கத்திக்கொண்டு ஓடுகிறோம், பழம் பறிக்க வந்த ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள், என் பிள்ளை மட்டும் வரவில்லை. வெயில் சாய்ந்துவிட்டது, பழம் பறிக்க வந்தவர்களெல்லாம் இறங்கிப் போய்விட்டார்கள், அக்காதான் முதலில் உடைந்தாள்.

"பேரச் சொல்லிக் கூப்புடுடி!"

"மாமா பேரக்கா, எப்டிக்கா சொல்லுவேன்?"

"புள்ள போயிடுச்சின்னா மாமாவா வந்து பெத்துக் குடுப்பாரு? கூப்புடுடி பாவி!"

அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "டேய், சவரிராயா!"

"இருக்கேம்மா" என்று சுனைப் பக்கத்திலிருந்து பதில் வந்தது, கரகரத்த ஆம்பிளைக் குரல். மூச்சு விடுவதற்குள் கோட்டையின் பழைய நெற்களஞ்சியத்துப் பக்கமிருந்து இன்னொரு வயசான குரல், "வரேம்மா". அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள், அவளுக்கும் கேட்டிருக்கிறது. அங்கே ஈ காக்கை இல்லை.

சுனைக்கு ஓடினோம். பாறைமேல் கிடந்தான். சட்டை தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, தலை மட்டும் துவட்டி வகிடெடுத்து வாரியிருந்தது. கை இரண்டும் மாரில் குறுக்காக வைத்து, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தது, பிணத்துக்குக் கட்டுவார்களே அந்த மாதிரி. ஐயோ, என் ராசா! அந்தக் கட்டை நான்தான் அவிழ்த்தேன். கட்டியது யார் என்று இன்றுவரை ஒருத்தரும் சொல்லவில்லை.

மலையடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அங்கே கம்பவுண்டர் நாடி பார்த்துவிட்டு, "உசுரு போயி அரை மணி நேரங்கூட ஆவலியேம்மா" என்றார்.

அப்படியென்றால் மத்தியானம் முழுக்க அவன் உயிரோடுதான் எங்கேயோ இருந்திருக்கிறான். நானும் தம்பி தம்பி என்று மலையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் பெயரைச் சொன்னபோது செத்துப்போன இரண்டு பேர் ஏன் என்று கேட்டார்கள். என் பிள்ளை, தன் பெயரை அம்மா வாயால் ஒருதரம்கூடக் கேட்காமலே போய்விட்டான்.