வீடு மாறி வந்த அழைப்பு

என் தங்கை லூபே ஒரே ஒரு பட்டத்துக்காக ஏங்கினாள். ஃபாலெதுவா. போதகரின் மனைவியை எங்கள் சமோவாவில் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவோம். அவள் புருஷன் இயோபு வேதம் படித்து முடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. படித்தால் போதுமா? ஏதாவது ஒரு ஊர் வந்து, "எங்களுக்குப் போதகராக வாருங்கள்" என்று அழைக்க வேண்டும். இயோபுவை யாரும் அழைக்கவில்லை. அவர் பேச்சு அப்படி. ஒரு வாக்கியம் தொடங்கினால் அது முடிவதற்குள் நான் சட்டி கழுவி வைத்துவிடுவேன்.

வேதக் கல்லூரி கொடுத்திருந்த வீட்டை வருஷக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அழைப்பு என்பது கனவுதான். கல்லூரியை விட்டுப் போனவனை எந்த ஊர் தேடி வரும்? லூபே உபவாசம் இருந்தாள். "ஆண்டவரே, இந்த வாசல் வழியா அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்று கதவைத் தொட்டே ஜெபித்தாள். ஆண்டவருக்கு இவள் விலாசம் எழுதிக் கொடுக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

வந்தார்கள். சவாயி தீவிலிருந்து ஓர் ஊரின் பெரியவர்கள், சாயங்கால ஜெப மணிக்குச் சற்று முன்பு, சரியாக அந்த வாசல் வழியாக. முன்னால் கைத்தடியோடு லௌலு. அந்த ஊருக்காகப் பேசும் தலைவர் அவர். அவர் மகள் நேர்த்தியான பெரிய பாய் ஒன்றைச் சுமந்து வந்தாள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டுமே வெளியே எடுக்கிற மாதிரிப் பாய். அதை இயோபுவின் முன்னால் விரித்தாள். நானும் லூபேயும் பின்னால் உட்கார்ந்து கொக்கோ ஊற்றிக்கொண்டிருந்தோம். அவள் பாதியைத் தட்டில் கொட்டினாள்.

வந்தவரை யார், எதற்கு என்று கேட்பது எங்களிடம் மரியாதை இல்லை. வீட்டுக்காரரிடம் பெயர் கேட்பது அதைவிடக் கேவலம். எனவே யாரும் எதையும் கேட்கவில்லை. லௌலு மலை, கடல், மோசே என்று எல்லாவற்றையும் சுற்றிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"உங்க குரலை வானொலியில கேட்டோம், போதகரே. ஒவ்வொரு சாயங்காலமும் எங்க ஊரே அடங்கி உட்கார்ந்து கேட்டுச்சு. அந்தக் குரல்தான் எங்களுக்கு வேணும். ஃபாலெதுவா, நீங்களும் மனசு வைக்கணும்."

எங்கள் இயோபு வானொலியில் பேசியதே இல்லை. பேசியது ஈரப்பலா மரத்துக்கு அந்தப் பக்கத்து வீட்டு இயோபு. இரண்டு இயோபுகள் ஒரே வரிசையில் குடியிருந்தால் கல்லூரி வாசல் காவல்காரன் எந்த வீட்டைக் காட்டுவான்?

லூபேக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் அவள் தொடையில் அழுத்திக் கிள்ளினேன். இன்றைக்கும் அதற்காக வெட்கப்படவில்லை.

"வாயைத் திறக்காதே," என்றேன் காதுக்குள். "ஆண்டவரே வழி மாத்திக் கூட்டிட்டு வந்திருக்காரு. நீ எதுக்குடி வழி காட்டப் போறே?"

"அக்கா, நானும் அதைத்தான் நினைக்கிறேன். அதான் பயமா இருக்கு."

இயோபு மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். என்ன சொல்ல வந்தாரோ, அது வெளியே வர நேரமாகும். அதற்குள் பாயின் ஓரத்தை அவர் கையில் எடுத்து வைக்கப் போனார் லௌலு. அதைத் தொட்டுவிட்டால் சம்மதம்.

"ஐயா!" என்றாள் லூபே. தலைவர் பேசும்போது பின்னாலிருந்து பெண் குரல் கொடுப்பதா? எல்லோரும் திரும்பினார்கள். "வானொலியில பேசினது இவர் இல்ல. அந்த இயோபு வீடு மரத்துக்கு அந்தாண்ட."

லௌலுவின் காது சிவந்துபோயிற்று.

"இவரே போதும்னு நாங்க சொன்னா?" என்று கேட்டார் கடைசியில்.

"உங்க ஊர் கேட்டது அந்தக் குரலைத்தானே ஐயா? முதல் ஞாயித்துக்கிழமையே இவர் வாயைத் திறந்ததும் எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

இயோபு தலையசைத்தார். அவள் எழுந்து போய், அந்தப் பாயைத் தானே மடித்து லௌலுவின் மகளிடம் நீட்டினாள். வாசலில் லௌலு, "நீ பொய் சொல்லத் தெரியாதவ, பெண்ணே," என்றார். பாராட்டா, திட்டா, தெரியவில்லை. ஃபாலெதுவா என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

அடுத்த வீட்டு இயோபு வேறொரு பாயைத் தொட்டுச் சம்மதித்துச் சவாயிக்குப் போனார். லூபேயும் அவள் புருஷனும் வீட்டைக் காலி செய்தார்கள். எங்கள் இயோபு தலைநகர் ஆபியாவில் ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி தள்ளப் போனார். லூபேக்கு அங்கேயே படுக்கை விரிப்புத் துவைக்கும் வேலை. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "உண்மை பேசினவளுக்கு இதுதானா கூலி? கேளு உன் ஆண்டவர்கிட்ட!" என்று கத்தினேன்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள். "பதில் வரல. வரலைங்கிறதுக்காக அவரை விட்டுட்டு வர முடியுமா? அவர் என்ன நினைச்சிருக்காரோ, அதுவே இருக்கட்டும்." அன்றிரவு அவள் அழுதாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்பிக்கை இருப்பவர்கள் அழுவதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சில வருஷம் கழித்து லௌலுவைக் கப்பலில் கொண்டுவந்து அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றில் கட்டி. மருத்துவர் பிள்ளைகளிடம் கைவிரித்துவிட்டார். விரிப்பு மாற்றப் போன லூபே அதைக் காதால் கேட்டிருந்தாள். பிள்ளைகளோ, அப்பாவிடம் யாரும் மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்கள். அதற்குள் கடல் கொந்தளிப்பு; அவர்கள் ஊர்ப் போதகரான அந்த இயோபு வந்து சேர வழியில்லை.

மத்தியானம் நான் லூபேக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். லௌலு அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"அந்தப் பாயை மடிச்சுக் குடுத்தவ தானே நீ? இங்க வா. இவனுங்க எல்லாம் அடுத்த வாரம் வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்றானுங்க. நீ சொல்லு. நான் போவேனா?"

மூத்த மகன் லூபேயை முறைத்தான். சொன்னால் வேலை போகும் என்று எனக்குத் தோன்றியது. இந்த முறை நான் கிள்ளவில்லை. கிள்ளினாலும் பயனில்லை என்று தெரியும்.

லூபே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல ஐயா. போக மாட்டீங்க."

மகன் ஏதோ கத்த வந்தான். லௌலு கையைத் தூக்கி அவனை அடக்கினார். பிறகு அவர் முகம் தளர்ந்தது.

"நல்லது. அப்போ ஆயத்தப்படணும். எங்க ஊருக்கு அருமையான குரல் கெடச்சுது, குறையே இல்ல. இப்போ எனக்கு அவசரமில்லாம பேசறவர் ஒருத்தர் வேணும். உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு."

இயோபு தள்ளுவண்டியை நடையில் விட்டுவிட்டு வந்தார். அவருடைய ஜெபம் எப்போதும்போல் நின்று நின்றுதான் வந்தது. ஒவ்வொரு சொல்லையும் லௌலு கண்ணை மூடிக் கூடவே முணுமுணுத்தார். அவ்வளவு மெதுவாகப் பேசியதால்தான் அவரால் தொடர முடிந்தது.

ஆமென் சொன்னதும் லௌலு தன் மகளைப் பார்த்தார். ஊரிலிருந்து அவர் எடுத்துவரச் சொல்லியிருந்த அந்தப் பாயை அவள் பைக்குள்ளிருந்து எடுத்து லூபேயின் மடியில் வைத்தாள்.

"இந்தத் தடவை நாங்க வீடு மாறி வரல, ஃபாலெதுவா," என்றார் லௌலு. "மடிச்சுத் திருப்பிக் குடுத்துடாதீங்க."