இருநூற்றுப் பதினான்காம் குறிப்பு

எங்கள் முதலாளிக்குச் சோமனூரில் விசைத்தறிகள் இருந்தன. தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்குக் கம்ப்யூட்டர் ஆசை வந்தது. சிங்காநல்லூரில் ஒரு மாடியைப் பிடித்து, நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, தறிக்காரர்களுக்கும் நூற்பாலைகளுக்கும் புரோகிராம் எழுதித் தரும் கம்பெனியை ஆரம்பித்தார். எழுதுவதற்கு எட்டுப் பேரை எடுத்தார். நாலு மெசினில் எட்டுப் பேர் எப்படி என்று நாங்கள் விழித்தபோது, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோலப் பார்த்தார். காலை ஆறு மணிக்கு ஒரு ஷிப்ட், மதியம் இரண்டு மணிக்கு ஒரு ஷிப்ட். மெசின் சும்மா நின்றால் தனக்குத் தூக்கம் வராது என்றார்.

வேறெந்த ஊரிலாவது புரோகிராமர்கள் மில்காரர்களைப் போல ஷிப்ட் மாறினார்களா, தெரியாது. நாங்கள் மாறினோம். நான் காலை ஷிப்ட். பல்லடத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, எங்கள் கோழிப்பண்ணை வாசம் துப்பட்டாவில் ஒட்டியிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்து சேர்வேன். மூன்றாவது மெசின் என்னுடையது. இரண்டு மணிக்கு மேல் அதே மெசின், அதே நாற்காலி, மதிய ஷிப்டில் வரும் ஒருவருடையது. அவர் வால்பாறைக்காரர். அப்பா, அம்மா இருவருக்கும் தேயிலை எஸ்டேட்டில் வேலை. நான் விட்ட இடத்திலிருந்து அவர் எழுதுவார், அவர் விட்ட இடத்திலிருந்து மறுநாள் நான் எழுதுவேன். ஷிப்ட் மாறும் அந்தப் பத்து நிமிடம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது.

பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியவில்லை. அவர் திருத்தியதை நான் தெரியாமல் பழையபடி மாற்றிவைப்பேன். நான் எழுதியதையே அவர் இன்னொரு தரம் எழுதுவார். மில்லில் ஷிப்ட் முடிந்து போகிறவர் எந்த மெசினில் என்ன கோளாறு என்று நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் போவார். அதைப் போல ஒன்றை, நாங்கள் புரோகிராம் எழுதும் விஷுவல் பேசிக்குக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. வேலையைத் திறந்ததும், முந்தின ஷிப்ட்காரர் எழுதிய குறிப்பு தானாகத் திரையில் வந்து நிற்க வேண்டும். அவரவர் குறிப்புக்குத் தனித்தனியாக வரிசை எண்ணும் விழ வேண்டும். அந்த மென்பொருளில் ஆட்-இன் என்று ஒரு வசதி உண்டு. நாமே ஒரு துண்டை எழுதி அதோடு சேர்த்துக்கொள்ளலாம். சொல்லித்தர ஆளில்லை. உதவிப் பக்கங்களைப் படித்துப் படித்து மூன்று வாரத்தில் எழுதி முடித்தேன்.

எழுதியதை மெசின் ஏற்றுக்கொண்டது, கம்பைல் ஆனது. பிழை எதுவும் காட்டவில்லை. ஆனால் மெனுவில் என் ஆட்-இன் தலைகாட்டவேயில்லை. இரண்டு நாள் மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை வந்தபோது கீபோர்டின்மேல் அவர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. விண்டோஸ் ஃபோல்டரில் இருக்கும் ஒரு கோப்பில் ஆட்-இன்னின் பெயரை ஒரு வரி சேர்க்க வேண்டுமாம், சேர்த்துவிட்டாராம். திறந்து பார்த்தேன். பெயர் வந்திருந்தது. டிக் செய்ததும் குறிப்புப் பெட்டி திறந்தது. முதல் குறிப்பை அவரே எழுதிவைத்திருந்தார். தமிழ் எழுத்து எங்கள் மெசினில் கிடையாது, ஆங்கில எழுத்திலேயே தமிழ்: "வந்துருச்சுங்க."

அவர் எழுதிய குறிப்புகளில் முதல் நூறும் வேலைதான். பிறகு ஓரத்தில் இன்னொரு வரி சேரத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன கதை திங்கள்கிழமைக் குறிப்பில் இருக்கும். கொண்டை ஊசி வளைவில் மரம் விழுந்து பஸ் மூன்று மணி நேரம் நின்றது, தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் அம்மா பேசியது காதில் விழாதது. நான் பண்ணைக்குப் புதுக் குஞ்சுகள் வந்ததை எழுதுவேன். நேரில் பார்த்தால் இருவருக்கும் மரியாதை மட்டும்தான் வரும், பேச்சு வராது. சாப்பிட்டாயிற்றா என்பார். ஆயிற்று என்பேன். படியிறங்கி பஸ் ஸ்டாப்புக்குப் போவதற்குள் மறுநாள் காலைக்காக மனசு அடித்துக்கொள்ளும். அதைக் காதல் என்று அப்போது நான் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது சொல்கிறேன்.

வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் யார், அவர் வீட்டார் யார் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் புரட்டாசியில் அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரத்தில் கிளம்புகிறார் என்று முதலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்வார் என்று தினமும் காலையில் குறிப்பைத் திறந்தேன். இருநூற்றுப் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. எல்லாம் வேலை. போகாதீர்கள் என்று நானே எழுதியிருக்கலாம். முதலில் அவர் சொல்லட்டுமே என்று இருந்துவிட்டேன். அப்படி ஒரு ராங்கி எனக்கு.

ஆயுத பூஜைக்கு முன் மில்லில் மெசினைப் பஞ்சுத் தூசி இல்லாமல் துடைத்து வைப்பார்கள். முதலாளி எங்களுக்கும் அதையே சொன்னார். "உள்ளயும் வெளியயும் சுத்தம் பண்ணிப்போடுங்க அம்மணி. பூஜை முடியற வரைக்கும் ஆரும் வேலையத் தொறக்கக் கூடாதுங்க." பூஜையன்று காலை மற்றவர்கள் கீபோர்டைத் துடைத்தார்கள். நான்தான் பெரிய கெட்டிக்காரி ஆயிற்றே, உள்ளேயும் சுத்தம் செய்தேன். ஆட்-இன்னின் புதிய பதிப்பு ஒன்று தயாராக இருந்தது. நல்ல நாளில் புதிதாக நிறுவலாம் என்று பழைய ஃபோல்டரை முழுசாக அழித்தேன். குறிப்புகளும் அதற்குள்தான் இருந்தன. எல்லாம் படித்து முடித்தவைதானே என்று நினைத்தேன். வேலையைத் திறந்திருந்தால் முந்தின நாள் குறிப்பு முன்னால் வந்து நின்றிருக்கும். திறக்கக் கூடாது என்றாரே, திறக்கவில்லை. புதியதைப் பதிந்துவிட்டு, மெசினை அணைத்து, மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

பூஜைக்கு எட்டுப் பேரும் வந்திருந்தோம். பொரி வாங்கும்போது அவர் என்னையே பார்த்தார். வழக்கமாகப் பார்த்ததும் குனிந்துகொள்கிறவர். நான் சிரித்துக்கொண்டே, புதுசு போட்டாயிற்று, இனி வேகமாகத் திறக்கும் என்றேன். சந்தோஷம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அதற்குப் பிறகு வந்த குறிப்புகளில் மழையும் இல்லை, அம்மாவும் இல்லை.

அவருடைய கடைசி நாள். காலையில் என் நோட்டைப் புரட்டினேன். அவருடைய ஒவ்வொரு குறிப்பின் எண்ணையும் எழுதி, வேலை முடிந்ததும் டிக் அடிப்பது என் பழக்கம். பதின்மூன்றுக்கு அடுத்துப் பதினைந்து இருந்தது. ஒரு வாரமாக அது என் கண்ணில் படவில்லை. நான் ஃபோல்டரை அழித்தாலும், கடைசி எண்ணை மட்டும் விண்டோஸ் தனியாக வைத்திருந்திருக்கிறது. அப்படியென்றால் நடுவில் ஒன்று இருந்திருக்கிறது. பூஜைக்கு முந்தின நாள் அவர் எழுதியது, நான் படிக்காமல் அழித்தது. அவரைப் பொறுத்தவரை நான் படித்துவிட்டுப் பதில் சொல்லாதவள். அழித்த கோப்பை மீட்க எனக்குத் தெரிந்ததையெல்லாம் இரண்டு மணி வரை செய்து பார்த்தேன். கிடைக்கவில்லை.

அவர் வந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து, ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்.

"உங்க இருநூத்திப் பதினாலாவது குறிப்ப நான் படிக்கவே இல்லீங்க. பூஜையன்னிக்குத் தெரியாம அழிச்சுப்போட்டேனுங்க. என்ன எழுதியிருந்தீங்க?"

"படிக்கலீங்களா?" என்றார். அவர் முகம் ஒரு நொடி தெளிந்ததை நான் பார்த்தேன். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்ன யோசித்தாரோ, பெங்களூர் பஸ்ஸையா, எங்கள் வீட்டையா, தெரியாது.

"பெருசா ஒண்ணுமில்லீங்க. பிரிண்டருக்கு ரிப்பன் மாத்தோணும்னு எழுதியிருந்தேனுங்க."

நான் அலமாரியிலிருந்து மை ரிப்பன் எடுத்து வந்து பிரிண்டரின் மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த ரிப்பன் கறுகறுவென்று புதுசாக இருந்தது. விரலெல்லாம் மை. பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் அதை மாற்றியதே நான்தான் என்று அப்போதுதான் நினைவு வந்தது. அவரும் ரிப்பனைப் பார்த்தார். நான் பார்த்துவிட்டதையும் பார்த்தார்.

பொய் சொல்லாதீங்க என்று ஒரு வாக்கியம். அது நாக்கு வரை வந்தது. பக்கத்து மெசின்களில் ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாங்க, மாத்தத்தான் வேணுமுங்க" என்றேன்.

புது ரிப்பனைக் கழற்றினேன். இன்னொரு புது ரிப்பனை மாட்டினேன். கழற்றியதை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாரேனுங்க என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

அவர் எங்கே இருக்கிறாரோ, தெரியாது. திறந்த பிரிண்டருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் நின்ற அந்த ஒரு நிமிடம் எனக்குத் திரும்ப வேண்டும். அந்த வாக்கியத்தை அவரிடம் சொல்ல வேண்டும்.