கல்லைப் படிக்கத் தெரிந்த பேராசிரியர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு மியூசியத்தில் காவலாளியாக நின்றேன். லூயிஷாமிலிருந்து ரயிலில் போய், நாள் முழுக்கக் கற்களைக் காவல் காப்பது வேலை. கருங்கடல் பக்கம் இடிந்துபோன பழைய ஓர்த்தடொக்ஸ் தேவாலயம் ஒன்றின் கற்கள். ஆயிரம் வருடத்துக்கு முன், ஞானஸ்நானம் பெற்ற புதிதில் ஓர் அரசன் கட்டியது. கூரை ஈயத்தைப் படைகள் உரித்துக்கொண்டு போக, மிச்சத்தைச் சனம் ஆட்டுப்பட்டி கட்ட எடுத்துப் போனது.

சனிக்கிழமைகளில் ஒரு பேராசிரியர் வந்து, பார்க்க வரும் ஆட்களுக்கு விளக்குவார். இந்தக் கறுப்பு எதிரி வைத்த தீ, இந்த வெடிப்பு நிலநடுக்கம் என்று, பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி அடித்துச் சொல்வார். சுவரில் வரைந்த புனிதர்களின் கண்களை ஊர்ப்பெண்கள் மருந்துக்காகச் சுரண்டிய கதைக்கு ஓர் இளக்காரச் சிரிப்பு. பழங்கல்லுக்கு உச்சுக்கொட்டும் அந்தக் கூட்டத்தைப் பார்க்க எனக்கு எரிச்சல் வரும்.

அப்போது என் அகதிக் கேஸ் இழுபட்டுக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் மாதா கோயில் இராணுவம் அடித்த செல் விழுந்து இடிந்தது என்று நான் சொன்னதை அதிகாரி நம்பவில்லை. அம்மா அனுப்பிய படம் ஒன்றுதான் சாட்சி. வெட்கத்தை விட்டு அதைப் பேராசிரியரிடம் நீட்டி, இரண்டு வரி எழுதித் தரக் கேட்டேன். மனுசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்து, எழுதியும் தந்தார்.

என் லோயர் எங்கள் ஆள்தான். வாசித்துவிட்டுக் கடிதத்தை மேசையில் போட்டார்.

“கல்லெல்லாம் ஒழுங்காய் அடுக்கிக் கிடக்காம், நிலம் கூட்டிக் கிடக்காம். திருத்தவெண்டு தாங்களே இடிச்ச கட்டடமாம். இதைக் குடுத்தால் உம்மைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள், தம்பி.”

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பேராசிரியரைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் நிலம் கூட்டித்தான் கிடந்தது. கோயிலைக் குப்பையோடு படம் பிடிக்க எங்கள் சனத்துக்கு மனம் வராது. கல்லைக் கொஞ்சம் கலைத்துப் போட்டு இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கோ என்று அம்மாவுக்கு எழுதினேன். அதை எழுதிய கையை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

பதில் வர இரண்டு மாதம் எடுத்தது.

“அவங்கள் ஒருக்கா இடிச்சுப்போட்டாங்கள். உன்ரை விசாவுக்காக நான் ரெண்டாந்தரம் இடிக்கவோ?”

படம் வரவில்லை. கேஸ் முடியும்வரை நாட்டை விட்டு அசைய ஏலாது. அது முடிந்து, விசா கிடைத்து நான் ஊருக்குப் போனபோது அம்மா இல்லை.