விருதுப் படத்துக்கு ஆள் சேர்த்தவர்

ஒரே இயக்குநருக்குத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் விருது கிடைத்த செய்தியைச் சினிமாத் துணுக்குகளில் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கள்ளக்குறிச்சித் தியேட்டர் மேனேஜர் ஒருவர்தான் நினைவுக்கு வருவார். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒல்லியான மனிதர். பேசும்போது சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பார். கரியாலூர் பஸ்ஸுக்காக நாங்கள் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்த ஒரு மத்தியானம் எங்களிடம் வந்தார்.

"டிக்கெட் வாணாங்க, சும்மா வந்து குந்துங்க. படம் எடுத்தவரே பாக்க வந்துகினு இருக்காரு. உள்ள ஒரு ஆளு இல்ல, மானம் போவுது" என்று கெஞ்சினார். சாயங்காலம்தான் பஸ் என்பதால் போனோம்.

படம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்த இயக்குநருக்குக் கண் கலங்கியிருந்தது.

"வரிசையா மூணு படத்துக்கும் விருது குடுத்தாங்க. ஜனங்க உக்காந்து பாக்குறத இங்கதான் பாக்குறேன். நாளைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்றார்.

மேனேஜர் தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "அய்யா, இவங்கல்லாம் பஸ்ஸுக்கு நின்னவங்க. நான்தான் இட்டாந்தேன்" என்றார்.

இயக்குநர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

மேனேஜர் பஸ் நிலையம் வரை எங்களோடு நடந்து வந்தார். "சொல்லாம வுட்டுருக்கணுமாங்க?" என்று என்னிடம் கேட்டார். அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.