நாலு மணி நடுக்கம்

அந்தத் தீவில் மண்ணைத் தோண்டினால் கருங்கல், அதை நகர்த்தினால் அடியில் இன்னொரு கருங்கல். எத்தனை மழை கொட்டினாலும் தரை ஒரே மடக்கில் குடித்துவிடும். நடுவில் வாய் பிளந்த எரிமலை, அந்த வாய்க்குள் ஒரு குளம். இதைச் சுற்றி முந்நூறு பேர், அறுநூறு பசு. ஸுல்மீராவுக்கு அதில் ஒன்று, பெயர் மிமோசா. அரசாங்க வேலையும் உண்டு: நில அதிர்வுக் கருவி இருக்கும் கல்கட்டடத்தைப் பெருக்கிப் பூட்டுவது.

பூட்டத்தான் சொன்னார்கள். உள்ளே என்ன இருக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. காற்று புகாத, ஒழுகாத இடம் தீவிலேயே அது ஒன்றுதான். புயல் மாசம் பிறந்ததும் மிமோசாவை அங்கே கட்டினாள்.

பத்தாம் நாள், பெரிய தீவில் உட்கார்ந்து அந்தக் கருவியின் பதிவுகளைப் பார்க்கும் இன்ஜினியர் துர்வால் போனில் கூப்பிட்டார். பெண்களை 'தோனா' என்று மரியாதையாகவே அழைப்பார்.

"தோனா ஸுல்மீரா, தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு உங்க மலை நடுங்குது. ஏதாவது தெரியுதா?"

"நாலு மணிக்கா? பால் கறந்துட்டிருப்பேன். ஒண்ணும் தெரியலையே."

"இப்படியே போனா கப்பல் அனுப்பி எல்லாரையும் ஏத்திடுவோம்."

இருபது வருஷத்துக்கு முன் மலை ஒருமுறை இருமியபோது பதினோரு குடும்பம் கப்பலேறியது. "ரெண்டு வாரத்துல வந்துடுவோம்" என்றுதான் போனார்கள். வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. அவள் அண்ணன் இன்னும் அமெரிக்காவில் மீனை டப்பாவில் அடைத்துக்கொண்டிருக்கிறான்.

அன்று கறக்க உட்கார்ந்ததும் மிமோசா கழுத்தைக் கருவிப் பீடத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தது. தினமும் பார்ப்பதுதான், அன்றுதான் உறைத்தது.

"அடிப் பாவி! முந்நூறு பேரை ஊரை விட்டுத் துரத்தப் பாத்தியேடி!"

மானம் போனால் போகட்டுமென்று துர்வாலிடம் சொல்லிவிட்டாள்.

"கருவி ரூம்ல பசுவா?"

"நல்ல பசுதாங்க."

அவர் சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது. பசு அன்றே வெளியேறியது. பக்கத்து வீட்டு லிபானியோ விடவில்லை. "உன் மாட்டுக்கு அரிப்பெடுத்தா எங்களுக்குக் கப்பலா?" என்று தெருவில் வைத்தே கேட்டான்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி போன்.

"இன்னிக்கும் நடுங்கியிருக்கே தோனா. திரும்ப உள்ள கட்டிட்டீங்களா?"

ஸுல்மீரா ஜன்னல் வழியே பார்த்தாள். மிமோசா ஊர்க்கோடியில், லிபானியோவின் சோளக்கொல்லையில் திருட்டுத்தனமாக மேய்ந்துகொண்டிருந்தது.

"ஆமாங்க. மழையா இருந்துச்சு, மனசு கேக்கலை."

"இனிமே கட்டாதீங்க."

"கட்டலைங்க."

போனை வைத்தாள். அலமாரியிலிருந்த பீங்கான் தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் அடுக்கினாள். பிறகு வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தாள்.

"உனக்காகப் பொய் சொல்லியிருக்கேன். காலை வாரி விட்டுடாதே."