ரோஜாப்பூவை நீக்கும் அதிகாரம்

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். பகலில் மென்பொருள் வேலை, சாயங்காலம் கைபேசியில் துப்பாக்கிச் சண்டை. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக்காரர்கள் சேர்ந்து விளையாடும் ஆன்லைன் குழுவுக்கு நான்தான் அட்மின். சம்பளம் இல்லாத பதவி என்றாலும் கெத்துக்குக் குறைச்சல் இல்லை. எங்கள் குழுவில் கறாரான விதி ஒன்றுதான்: விஷயத்துக்கு ஒன்றாகக் குழுவில் பிரித்து வைத்திருக்கும் எல்லா அறைகளிலும் ஒரே செய்தியைப் போட்டு ரொப்பக் கூடாது. எச்சரித்தும் கேட்காதவரை அட்மின் நீக்கிவிட வேண்டும்.

அந்த விதியில் வந்து மாட்டியவர் என் மாமனார்.

தொழிற்சாலை வேலையில் ஓய்வு பெற்று முத்தாபுதுப்பேட்டையில் வீடு கட்டிக்கொண்டு இருப்பவர். நான் விளையாடுவதைப் பார்த்து ஆசைப்பட்டார், சேர்த்துவிட்டேன். குறி பார்த்து நன்றாகவே சுடுவார். ஆனால் விடிந்ததும் ஒரு ரோஜாப்பூ படம், கீழே ‘இனிய காலை வணக்கம்’. அணி சேர்க்கும் அறை, முடிவுகள் அறை, புகார் அறை என்று ஒன்றையும் விடமாட்டார்.

கரையான்சாவடியில் மொபைல் கடை வைத்திருக்கும் நண்பன் கொதித்துப்போய்க் கூப்பிட்டான்.

“இன்னா மாமே, ஆள் வேணும்னு போட்ட மெசேஜ் ரோஜாவுக்குள்ள காணாம பூட்ச்சு. உன் மாமனாரா இருந்தா இன்னா, தூக்கு.”

அவன் சொன்னது நியாயம்தான். அதை வீட்டில் சொன்னேன்.

“அப்பாவ நீக்கிட்டு, அடுத்த வேளை சாப்பாட்டுக்கு எந்தக் கடைக்குப் போறதா உத்தேசம்?” என்று கேட்டாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு, காபி டம்ளரைப் பார்த்ததும் பாதி மறந்துவிட்டது.

“மாமா, வணக்கத்தை ஒரு ரூம்ல போட்டா போதாதா?”

“ஒரு ரூம்லதான் போட்டேன் மாப்பிள்ளை. யாரும் பதிலுக்குச் சொல்லல. சரி, போய்ச் சேரலபோலன்னு அடுத்த ரூம்ல போட்டேன். அங்கயும் சத்தமே இல்ல.” காபியை என் பக்கம் நகர்த்தினார். “பேக்டரி கேட்ல ஒரு வணக்கம் வெச்சா, உள்ள போறதுக்குள்ள பத்து வணக்கம் வரும்.”

எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. எங்கள் ஆட்கள் எட்டு மணிக்கு முன்னால் கண் திறக்காதவர்கள். அவர்கள் தூங்குவது தெரியாமல் இந்த மனிதர், தன் வணக்கம் வழியில் தொலைந்துபோனதாக நினைத்து, அதை அறை அறையாகத் தேடியிருக்கிறார்.

“இனிமே அரட்டை ரூம்ல மட்டும் ஒரு தடவை போடுங்க மாமா.”

“பதில் வரலன்னா?”

“வரும் மாமா.”

சொல்லிவிட்டேனே. அன்றிலிருந்து விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்து, ‘வணக்கம் மாமா’ என்று தட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறேன். அவரும் அரட்டை அறையைத் தாண்டுவதில்லை.

போன வாரம் ஒருநாள் நன்றாகத் தூங்கிவிட்டேன். வெயில் முகத்தில் அடித்தபிறகுதான் எழுந்தேன். இந்நேரம் எல்லா அறையிலும் பூத்திருக்கும் என்று பதறிப்போய்க் கைபேசியை எடுத்தேன். அரட்டை அறையில் ஒரே ஒரு ரோஜா இருந்தது. அதற்குக் கீழே கரையான்சாவடிக்காரன் எழுதியிருந்தான்:

“வணக்கம் நைனா. உங்க மாப்ள இன்னும் தூங்கினுகீறான்.”